சக்கரம் சுழற்ற முடியாத குயவன்

அப்பன் செய்த தொழிலையே மகன் செய்ய வேண்டும். மகன் செய்ததைப் பேரன் செய்ய வேண்டும் — நம் நாட்டிலே சாத்திரம் நெடுங்காலம் பேசிய மொழி இது. சாத்திரத்தின் பல் ஆடத் தொடங்கிய பிறகு, 1953ஆம் ஆண்டில், அதே மொழி கல்வித் திட்டம் என்னும் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது. பாதி நேரம் பள்ளி; மீதி நேரம் பெற்றோர் தொழில்! மக்கள் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டே அத்திட்டம் மாண்டது. ஆனால் அதைப் பெற்றெடுத்த வாதம் மாளவில்லை. “பரம்பரைத் தொழில் இழிவா? மேல்நாட்டிலே குயவன் மகன் குயத்தொழில் செய்தே கோமான்களுக்கு இணையாக உயரவில்லையா?” என்று கேட்பாருண்டு.

உயர்ந்தான். மறுக்கவில்லை நாம். எப்படி உயர்ந்தான் என்றுதான் கேட்கிறோம்.

இங்கிலாந்து நாட்டில், ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், பர்ஸ்லெம் என்றோர் ஊர். மண்ணைத் தோண்டினால் களிமண். இன்னும் தோண்டினால் நிலக்கரி. ஆகவே ஊரெங்கும் சூளை, வானெங்கும் புகை. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்த குடும்பம் ஒன்றிலே, பல பிள்ளைகளுக்குக் கடைசிப் பிள்ளையாக, 1730ஆம் ஆண்டில் பிறந்தான் ஜோசையா வெட்ஜ்வுட். 1739இல் தந்தை இறந்தார். தொழிற்கூடம் மூத்தவன் தாமஸ் கைக்குப் போயிற்று. 1744இல், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், தம்பி அண்ணனிடமே தொழில் பழகச் சேர்ந்தான்.

இடையிலே அம்மை வந்தது. இங்கே மாரியம்மன் என்று கும்பிட்டிருப்பார்கள். அங்கே நோய் என்றே அழைத்தார்கள். உயிர் தப்பியது, வலது முழங்கால் தப்பவில்லை. உதைத்துச் சுழற்றவேண்டிய சக்கரத்தைச் சுழற்றக் காலுக்கு வலிவில்லை. (1768இல் அந்தக் காலையே வெட்டி எடுத்தனர், மயக்க மருந்து இல்லாத காலம் அது!) குலத்தொழிலின் உயிர்நிலையே சக்கரம், அந்தச் சக்கரத்தை அவன் கால் மறுத்துவிட்டது. கை ஓயவில்லை, கருத்தும் ஓயவில்லை. எந்த மண் எந்த மண்ணோடு சேர்ந்தால் வெளுக்கும், எந்த மெருகு எந்தச் சூட்டில் வெடிக்கும் — கேள்விமேல் கேள்வி!

ஒப்பந்தக் காலம் முடிந்தது. அண்ணன் கூட்டுச் சேர்த்துக் கொண்டானா? இல்லை. தந்தை செய்தது போதாதா, இந்தச் சோதனைப் பைத்தியம் எதற்கு என்பது அண்ணன் எண்ணம். பரம்பரை, தன் பிள்ளைகளிலேயே சிறந்த பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்திற்று! 1754இல் அவரைச் சேர்த்துக்கொண்டு, ஆராய இடமும் கொடுத்தவர் தாமஸ் வீல்டன் — வேறு குடும்பத்துக் குயவர். 1759இல் வெட்ஜ்வுட் தனித்தொழில் தொடங்கினார். அதே ஆண்டில் தம் சோதனைகளை எண்ணிட்டு ஏட்டில் பதியவும் தொடங்கினார். தோற்ற கலவைக்கும் எண் உண்டு. வென்ற கலவைக்கும் எண் உண்டு. பிறர் அறியாதபடி இரகசியக் குறியீட்டிலே எழுதினார் என்பதையும் சொல்லிவிடுவோம். வணிகர் அல்லவா!

வெண்களிமண்ணோடு, சுட்டுப் பொடித்த சிக்கிமுக்கிக் கல்லைச் சேர்த்து, பாலாடை நிறக் கலங்களை அவர் செம்மைப்படுத்தினார். 1765இல் அரசி சார்லட் தேநீர்க் கலங்கள் கேட்டார். உடனே “அரசியின் கலம்” என்று பெயர் சூட்டி ஊரெல்லாம் விற்றார். 1774இல் ரஷ்யப் பேரரசி காதரினுக்கு 952 உருப்படிகள் போயின.

குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாள் வேலை என்பர் நம்மவர். அங்கே தடிகாரனாக வந்தது சாலை! பொதிக்குதிரை குழியில் இடறினால் பல நாள் உழைப்பும் பொடி. பூசை போட்டுப் புறப்படச் சொல்லவில்லை வெட்ஜ்வுட். கால்வாய் வெட்டச் சொன்னார். 1766இல் முதல் மண்ணை அவரே வெட்டினார். 1777இல் ட்ரெண்ட், மெர்சி ஆறுகள் இணைந்தன. அக்கால்வாயின் கரையிலேதான் 1769இல் எழுந்தது எட்ரூரியா என்னும் அவருடைய தொழிற்சாலை.

ஆனால், நம் நெஞ்சைக் கவர்வது அரசிகளின் மேசையல்ல; ஒரு சிறு களிமண் துண்டு. சூளையின் சூட்டை எப்படி அறிவது? நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் கிழவர் சொல்வார். எப்படி அறிந்தீர் என்றால், “பழக்கம்” என்பார். அவர் கண் மூடினால் அறிவும் மூடும். பாதரச வெப்பமானி அந்த வெப்பத்திலே பயன்படாது. வெட்ஜ்வுட் பார்த்தார்: சூடேற ஏறக் களிமண் சுருங்குகிறது, சுருக்கத்தை அளந்தால் சூட்டை அளக்கலாமே! ஒரே அளவான களிமண் துண்டுகளைச் சூளையிலிட்டு, எடுத்து, ஆறவைத்து, போகப்போகக் குறுகும் பித்தளைத் தடத்திலே நகர்த்தினார். எவ்வளவு தூரம் நுழைகிறதோ அவ்வளவு சூடு! 1782இல் இதை ராயல் சொசைட்டியில் விளக்கினார். 1783இல் அக்கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. அவர் கொடுத்த பாகைக் கணக்கு மிகை என்று பின்னர் தெரிந்தது. தெரியட்டுமே! அளந்து சொன்னதைத்தானே அளந்து திருத்தவும் முடியும்? கிழவரின் பழக்கத்தை எவன் திருத்துவான்?

பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின், ஜேம்ஸ் வாட் போன்ற அறிஞர்களுடன் அவர் கலந்து பேசிய கழகம் பௌர்ணமியை ஒட்டிக் கூடும். விரதத்துக்காக அல்ல, இரவிலே வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே என்று!

துதி பாடுவது நம் நோக்கமன்று. வேலையைக் கூறுகூறாக்கி, தவறே செய்யாத இயந்திரங்களாக மனிதரை ஆக்க வேண்டும் என்று கடிதம் எழுதியவரும் இவரே. ஈய மெருகு தொழிலாளரின் உடலுக்கு நஞ்சாயிற்று. 1783இல் தானிய விலை ஏறியபோது, எட்ரூரியாவில் பசித்த மக்கள் உணவுப் படகை மறித்தனர், படை வந்தது, ஒருவர் தூக்கிலேறினார். வெட்ஜ்வுட் என்ன செய்தார்? கலகம் கூடாதென்று இளைஞர்களுக்கு அறிவுரை அச்சிட்டார்!

அவரே 1787இல், அடிமை வாணிபத்தை ஒழிக்கப் புறப்பட்ட சங்கத்திலே சேர்ந்து, சங்கிலியுடன் மண்டியிட்ட ஆப்பிரிக்கரின் உருவைச் சிறு வில்லைகளாக வார்த்தார். “நான் மனிதன் அல்லவா? உடன்பிறப்பு அல்லவா?” என்று அது கேட்டது. சட்டையிலும் கூந்தலிலும் அணிந்து திரிந்தனர் மக்கள். அவர் விற்ற தேநீர்க் கிண்ணங்களில் கரைந்த சர்க்கரை அடிமைகள் விளைவித்தது என்பதையும் மறக்கலாகாது. அவ்வாணிபத்தைப் பிரிட்டன் 1807இல் தடை செய்தது. அதைக் காண வெட்ஜ்வுட் இல்லை. 1795இல் மறைந்தார்.

தொழிற்சாலை மகனுக்குப் போயிற்று. மகள் சுசன்னா, எராஸ்மஸ் டார்வினின் மகனை மணந்தார். அவர்கள் பிள்ளைக்கு 1831இல் கப்பலேறி உலகைச் சுற்ற ஓர் அழைப்பு வந்தது. தந்தை மறுத்தார். தாய்மாமன் — வெட்ஜ்வுட்டின் மகன் — தந்தையின் மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாக விடையெழுதி, அனுமதி பெற்றுத் தந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பீகிள் கப்பல் புறப்பட்டது. அதிலே ஏறிச் சென்றான் அந்தக் குயவரின் பேரன் — சார்லஸ் டார்வின்.