"சத்தம் கேக்குது, படத்தைக் காணேல்லை": பூநகரி வீட்டுக் கணினிகளும் கோடெக் சிக்கலும்

ரொறன்ரோவில் நடந்த பேத்தியின் சாமத்திய வீட்டு ஒளிப்பதிவு பூநகரியில் ஒரு வீட்டுக் கணினிக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாதஸ்வரம் கேட்கிறது, திரை கறுப்பு. கோப்பு பழுதாகிவிட்டது, அல்லது வைரஸ் பிடித்துவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டும் பிழை. பதிவு செய்த இடத்தின் நியமமும் பார்க்கும் இடத்தின் நியமமும் பொருந்தாததே காரணம். இந்தப் பொருந்தாமை கணினிக்கும் முந்தியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வன்னியில் மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் ஜெனரேற்றர், ரீவி, டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. இலங்கையின் ஒளிபரப்பு நியமம் பால்: 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டங்கள். அன்று கனடாவினது என்ரிஎஸ்சி: 525 கோடுகள், ஏறத்தாழ 30 சட்டங்கள். எனவே இங்கிருந்து போன கலியாணக் கசற், அன்று பால் நியமத்தையே கொண்டிருந்த சூரிச்சில் ஒழுங்காக ஓடும். பாரிஸில் செக்காம் நியமம் மட்டும் தெரிந்த கருவியில் கறுப்பு வெள்ளையாகும். ரொறன்ரோவின் சாதாரண டெக்கில் படம் உருளும். கசற்றில் பிழையில்லை, டெக்கிலும் பிழையில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறந்தபின் கசற்றின் இடத்தை இறுவட்டு பிடிக்கத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு 1993இல் வகுக்கப்பட்ட வீசீடி. ஒரு தட்டில் 74 நிமிடம். ஆகவே ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. கணினியில் போட்டுத் திறந்தால் ஏவிஎஸ்ஈகியூ01.டாற் என்று ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸுக்கு அந்தப் பெயர் விளங்காது. உள்ளே இருப்பதோ சாதாரண எம்பெக்-1. பின்னொட்டை 'எம்பிஜி' என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். கணினிப் பொடியள் பெருமையோடு செய்துகாட்டிய வித்தை இதுதான். கீறல் விழுந்த தட்டில் படம் சதுரம் சதுரமாக உடைவதற்கும் காரணம் உண்டு: கூடுதல் படத்தை அடக்குவதற்காக, தரவுத் தட்டில் பிழை திருத்த ஒதுக்கும் இடத்தையும் வீசீடி படத்துக்கே கொடுத்துவிட்டது. ஒரு பிரிவில் 2048 பைற்றுக்குப் பதில் 2324.

அடுத்து வந்த ஏவிஐ கோப்பில்தான் குழப்பம் முற்றியது. ஏவிஐ ஒரு கடகம். உள்ளே நெல்லா ஒடியலா என்று கடகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படம் டிவெக்ஸாகவோ எக்ஸ்விட்டாகவோ இருக்கலாம். ஒலி எம்பி3யாகவோ ஏசி3யாகவோ இருக்கலாம். இவற்றைச் சுருக்கி விரிக்கும் முறையே கோடெக். ஒரு முழுப்படம் 700 எம்பி தட்டொன்றில் அடங்கியது இந்தச் சுருக்கத்தால்தான். ஆனால் அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியிடம் டிவெக்ஸுக்கும் ஏசி3க்கும் கோடெக் இல்லை. சத்தம் மட்டும் வந்தால் படக் கோடெக் இல்லை. படம் மட்டும் வந்தால் பெரும்பாலும் ஏசி3 இல்லை. இந்த எளிய பகுப்பைச் செய்யாமல், கையில் அகப்பட்ட கோடெக் பொதிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவும் பழக்கம் அப்போது வந்தது. ஒரே கோப்பை விரிக்க நாலு கோடெக் போட்டிபோட, முன்பு ஓடிய படமும் நின்றுபோனது.

பாரிஸின் எக்கோல் சென்ட்ரல் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலையிலிருந்து பிறந்த விஎல்சி, 2001இல் கட்டற்ற மென்பொருளானது. கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது அது. 2009இல் வந்த விண்டோஸ் 7, எச்.264 என்ற கோடெக்கையும் டிவெக்ஸ் வகையையும் தானாகவே விரித்தது. அன்றோடு பொதிகளின் தேவை பெருமளவு முடிந்தது; பழக்கம் முடியவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் மீண்டு, 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து, கேரதீவுப் படகுப் பாதையை நம்பியிராமல் யாழ்ப்பாணத்துக்கு நேரே போகத் தொடங்கிய காலத்தில், திருத்தக் கொண்டுபோன கணினிகளோடு அந்தப் பழக்கமும் போய்வந்தது என்றே கருதுகிறேன்.

இன்றைய கறுப்புத் திரையின் வேர் 2017இல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது, ஐபோன் 7உம் அதற்குப் பிந்தியவையும் எச்ஈவிசி என்ற கோடெக் முறையில் பதியத் தொடங்கின. அடுத்த மாதம் வெளியான விண்டோஸ் 10 பதிப்போ அதே எச்ஈவிசியைத் தனி இணைப்பாக்கியது. பின்னர் அதற்கு 99 சதம், அமெரிக்கப் பணத்தில். காப்புரிமைக் கட்டணமே இதன் பின்னணி. பூநகரியில் கடனட்டை இல்லாத வீட்டுக்கு 99 சதமும் மதில்தான்.

அதே காட்சியை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் ஓடுகிறதே என்பார்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி எச்.264 ஆக்கிவிடுகிறது. தரம் கெடாதிருக்க ஆவணமாக அனுப்பினால் எச்ஈவிசியே வருகிறது. விஎல்சியில் திறந்தால் படம் வரும். பழைய கணினியில் இழுத்து இழுத்து ஓடினால், அதன் சில்லுக்கு எச்ஈவிசியை விரிக்கும் வன்பொருள் வசதி இல்லை என்று பொருள். அப்போது ஹாண்ட்பிரேக் என்ற மென்பொருள் கொண்டு எச்.264க்கு மாற்றலாம். அதைவிட எளிது, அனுப்புபவரிடம் ஐபோன் கமராவின் 'ஃபோர்மற்ஸ்' அமைப்பில் 'மோஸ்ட் கொம்பாற்றிபிள்' என்பதைத் தெரிவுசெய்யச் சொல்வது.

பெட்டிக்குள் பழைய வீசீடி வைத்திருப்பவர்கள் அந்த டாற் கோப்புகளை இப்போதே கணினிக்குக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கும் மாற்றவேண்டாம். 1993இன் எம்பெக்-1 இன்றைய விஎல்சியிலும் அப்படியே ஓடுகிறது; தட்டுத்தான் நாளுக்கு நாள் பழுதாகிறது.