பிளாஸ்மாவும் எல்.சி.டி.யும்: இல்லத் தொலைக்காட்சித் தேர்வு

பிளாஸ்மாத் தொலைக்காட்சி, எல்.சி.டி. தொலைக்காட்சி ஆகியவை, பிக்சர் டியூப் எனப்படும் பெருங்கண்ணாடிக் குழாயைக் கொண்ட பழைய பெட்டியை அகற்றிவிட்டு, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் இல்லங்களில் இடம்பெற்ற இருவகைத் தட்டைத்திரைச் சாதனங்களாகும். இரண்டும் சுவரில் மாட்டத்தக்க அளவு மெலிந்தவை. அணைந்திருக்கும்போது ஒன்றை மற்றதினின்றும் பிரித்தறிவது சாமானியருக்கு எளிதன்று. ஆயினும் ஒளியைப் பிறப்பிக்கும் முறையில் அவற்றிடையே அடிப்படையான பேதம் உண்டு. பிளாஸ்மாத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே சுடர்கிறது; எல்.சி.டி. திரையிலோ, பின்னால் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கின் ஒளியை ஒவ்வொரு புள்ளியும் வேண்டிய அளவு விட்டும் வேண்டாத அளவு தடுத்தும் சித்திரத்தை அமைக்கிறது. கறுப்பின் ஆழம், அசைவின் தெளிவு, மின்செலவு, எந்த அறைக்கு எது பொருந்தும் என்பது ஆகிய பெரும்பாலான வேற்றுமைகள் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. ஆகையால் இதை நன்கு உணர்ந்தவர், விளம்பரங்களின் ஆரவாரத்துக்குச் செவிசாய்க்காமலே தம் வீட்டுக்கு உரியதைத் தெரிந்தெடுக்க முடியும்.

பிளாஸ்மாத் திரையின் வரலாறு

அமெரிக்காவில் இலினாய்ப் பல்கலைக்கழகம் ‘பிளேட்டோ’ என்னும் கணிப்பொறிவழிக் கல்வித் திட்டத்தை நடத்திவந்த காலத்தில், மாணவர் ஒவ்வொருவர் முன்னும் வைக்கத்தக்க திரை ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. அந்நாளில் கணிப்பொறியின் நினைவகம் மிகுந்த விலையுடையதாயிருந்தமையால், வரைந்த சித்திரத்தைத் தானே இருத்திக்கொள்ளும் திரையை நாடிய டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ என்னும் பேராசிரியர் இருவரும், ராபர்ட் வில்சன் என்னும் ஆராய்ச்சி மாணவரும் சேர்ந்து 1964-இல் முதல் பிளாஸ்மாத் திரையை உருவாக்கினர். நியான் வாயுவுக்கு இயல்பான செம்மஞ்சள் நிறம் ஒன்றையே அது காட்டியது. முழு வண்ணம் கைவரப் பெற்றது பின்னர் ஜப்பானிய நிறுவனங்களின் முயற்சியால்: 1992-இல் ஃபுஜிட்சு நிறுவனம் 21 அங்குல வண்ணத்திரையை வெளியிட்டது, 1997-இல் 42 அங்குலத் தொலைக்காட்சி கடைகளுக்கு வந்தபோது, அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 15,000 டாலராக இருந்தது. செல்வர் மாளிகைக்கே உரியதாகத் தோன்றிய அந்தச் சாதனம் அடுத்த பத்தாண்டுக்குள் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டுவதாயிற்று.

எல்.சி.டி. திரையின் வரலாறு

எல்.சி.டி.க்கு ஆதாரமான திரவ ஸ்படிகத்தின் கதை இன்னும் பழையது. 1888-இல் பிராக் நகரில் தாவர விஞ்ஞானி ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர், கொலஸ்ட்ரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது, அது 145.5 பாகை உஷ்ணத்தில் உருகிக் கலங்கிய திரவமாகி, 178.5 பாகையிலேயே தெளிந்ததைக் கண்டு வியப்புற்றார். ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருத்தல் எங்ஙனம் என்ற அவருடைய ஐயத்துக்கு விடை தேடிய ஜெர்மானிய பௌதிக அறிஞர் ஓட்டோ லேமான், அக்கலங்கிய திரவம் நீர்போல் ஓடினும் ஒளியைப் பொறுத்தவரை ஸ்படிகத்தின் சுபாவத்தையே உடையது என்று நிறுவினார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்த அப்பொருளைக் கொண்டு, 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழுவினர் காட்சித்திரை அமைத்துக் காட்டினர். 1970-இல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃபிரிக் என்னும் இருவர், ஸ்படிக மூலக்கூறுகள் படிப்படியாக முறுக்கி நிற்கும் அமைப்பை வகுத்தனர். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே, சாதாரண உஷ்ணத்திலும் கெடாத ஸ்படிகங்களைச் சமைத்தளித்தார். கைக்கடிகாரத்திலும் கணக்குப்பொறியிலும் பழகிய பின், 1988-இல் ஷார்ப் நிறுவனத்தின் 14 அங்குல வண்ணத்திரையாக அது தொலைக்காட்சியின் வாசலை அடைந்தது.

இத்துறையில் பாரத நாட்டின் பங்கும் நினைக்கத்தக்கது. சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் சகாக்களுடன் 1977-இல் கண்டறிந்த தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவ ஸ்படிகங்கள் புதியதொரு ஆராய்ச்சிக் கிளைக்கே வித்திட்டன. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கும் திரை மங்காதிருக்க ஒட்டப்படும் மெல்லிய படலங்கள் சில, அவ்வகை மூலக்கூறுகளைக் கொண்டே பிற்காலத்தில் செய்யப்பட்டன.

இயங்கும் முறை

பிளாஸ்மாத் திரை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அமைந்த இலட்சக்கணக்கான நுண்ணறைகளால் ஆனது. அவ்வறைகளில் நியானும் செனானும் கலந்த வாயு நிரப்பப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும்போது வாயு மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்து பிளாஸ்மா நிலையை எய்திக் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்களை வீசுகிறது. அவை அறையின் சுவரில் பூசிய பாஸ்பரைத் தாக்க, அது சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. டியூப் லைட் எரியும் தத்துவமும் இதுவே. இந்நுண்ணறை எரியும், அல்லது அணையும். இடைப்பட்ட நிலை அதற்கில்லை. எனவே ஒரு சட்டகத்துக்குரிய, அதாவது ஒரு தனிச் சித்திரத்துக்குரிய, சிறு காலத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, எத்தனை கூறுகளில் எரிகிறது என்பதைக் கொண்டே பிரகாசத்தின் தாரதம்மியம் உண்டாக்கப்படுகிறது. கடைகளில் பெருமையாகச் சொல்லப்பட்ட 600 ஹெர்ட்ஸ் என்னும் எண், வினாடிக்கு 60 சட்டகங்களை ஒவ்வொன்றும் பத்துக் கூறாகப் பிரித்ததன் பெருக்கமேயன்றி, 600 தனிச் சித்திரங்களைக் குறிப்பதன்று.

எல்.சி.டி. திரையிலோ, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் திசைவடிகட்டிகள் இரண்டுக்கு நடுவே திரவ ஸ்படிகம் மயிரிழையினும் மெல்லிய படலமாக நிற்கிறது. ஒவ்வொரு புள்ளியும் பின்னிருக்கும் விளக்கை நோக்கித் திறந்து மூடும் ஜன்னல் போன்றது. மின்னழுத்தம் ஸ்படிகத்தைத் திருப்ப, ஒளி கூடவோ குறையவோ வெளிவருகிறது. வரிசைக்கு 1,920 புள்ளிகளாக 1,080 வரிசைகள் கொண்ட திரையில், மூவண்ணத்துக்கும் தனித்தனியாக ஏறத்தாழ 62 இலட்சம் ஜன்னல்களை அத்தனை டிரான்சிஸ்டர்கள் ஆட்டுவிக்கின்றன. இதைக் கண்கூடாகக் காண விரும்புவோர், போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கண்முன் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம்: ஒரு கோணத்தில் எல்.சி.டி. திரை இருண்டு மறையும், மேலும் திருப்பினால் மீண்டும் துலங்கும். பிளாஸ்மாத் திரை அவ்விதம் இருண்டு மறைவதில்லை. பின்விளக்கு தொடக்கத்தில் மெல்லிய டியூப்களாக இருந்து பின்னர் எல்.இ.டி.க்களாக மாறியது, கடைக்காரர் எல்.இ.டி. டி.வி. என்று விற்பது பெரும்பாலும் இவ்விதம் விளக்கு மாறிய எல்.சி.டி.யே.

சித்திரத்தின் குணங்கள்

கறுப்பே சித்திரத்துக்கு அஸ்திவாரம். அது ஆழ்ந்திராவிடில் வண்ணங்களும் உயிர் பெறா. இரவுக் காட்சி ஒன்று ஓடும்போது அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், எல்.சி.டி.யின் கறுப்பில், முற்றும் மூடமுடியாத ஜன்னல்களின் வழியே ஒளி கசிந்து மெல்லிய சாம்பல் ஒளியாகப் படர்ந்திருப்பதும், மூலைகளில் அது சற்றே மிகுந்திருப்பதும் புலனாகும். பிளாஸ்மாவின் நுண்ணறை தன்னளவில் அணைவதால், அதன் கறுப்பு மிகவும் அடர்த்தியானது. 2007-இல் பயனியர் நிறுவனம் அறிமுகப்படுத்திய கூரோ வரிசைத் தொலைக்காட்சிகள் இக்குணத்தில் நெடுங்காலம் மற்றவற்றுக்கு அளவுகோலாக விளங்கின.

அசைவிலும் பிளாஸ்மாவே சிறந்தது. எல்.சி.டி. ஒரு சட்டகத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து நிறுத்துவதாலும், ஸ்படிகம் திரும்பச் சிறிது அவகாசம் கொள்வதாலும், எல்லைக்கோட்டை நோக்கி விரையும் கிரிக்கெட் பந்து அதில் சற்று மழுங்கித் தெரியும். இதைப் போக்க 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் வேகத்தில் இடைச்சட்டகங்களைக் கற்பித்துச் சேர்க்கும் வழி வந்தது. ஆனால் திரைப்படம் அதனால் தன் இயல்பை இழந்து நாடகப் பதிவு போலத் தோன்றுமாதலால், பலர் அவ்வசதியை ரிமோட்டில் அணைத்தே வைப்பர். பக்கவாட்டிலிருந்து நோக்கும்போதும் பிளாஸ்மாவின் வண்ணம் பிறழ்வதில்லை, எல்.சி.டி.யில் ஐ.பி.எஸ். வகை கோணத்தில் மேம்பட்டும் கறுப்பில் குறைந்தும், வி.ஏ. வகை கறுப்பில் மேம்பட்டும் கோணத்தில் குறைந்தும் நிற்கும்.

பகல் வெளிச்சமோ எல்.சி.டி.க்கு அனுகூலமானது. அதன் பின்விளக்கு வலியது. மங்கற்பரப்புடைய திரையாயின் எதிரொளியும் குறைவு. பிளாஸ்மாவின் முன்கண்ணாடி ஜன்னலையும் விளக்கையும் பிரதிபலிப்பதோடு, திரை முழுவதும் வெண்மை பரவும் காட்சிகளில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொருட்டுத் தன் பிரகாசத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும்.

நிழற்படிவு, மின்செலவு, அளவு

அசையாத உருவம் ஒன்று நெடுநேரம் நின்றால், பிளாஸ்மாவின் பாஸ்பர் அவ்விடத்தில் மட்டும் மிகுதியாகத் தேய்ந்து, பின்னர் அவ்வுருவின் சாயல் நிலைத்துவிடும். செய்தி அலைவரிசையின் மூலைச் சின்னமும், அடியில் ஓடும் செய்திப் பட்டையின் விளிம்பும் இவ்வாறு பதிவதற்குப் பெயர்போனவை. பிற்காலப் பெட்டிகளில் இத்தோஷம் பெரிதும் குறைந்தது. எனினும் நாள் முழுதும் ஒரே அலைவரிசையை வைத்திருக்கும் வீட்டுக்கும், கணிப்பொறியை இணைப்போருக்கும் எல்.சி.டி.யே பத்திரமானது. ஆயுளைப் பற்றிய அச்சமோ இரண்டிலும் வேண்டுவதில்லை: பிரகாசம் பாதியாகக் குறைய 60,000 மணி என்று கொண்டாலும், தினம் ஆறு மணி பார்ப்பவருக்கு அது இருபத்தேழு ஆண்டாகும்.

பிளாஸ்மாவின் மின்செலவு காட்சிக்குக் காட்சி மாறும். மொத்தத்தில் அதே அளவுள்ள எல்.சி.டி.யைவிட மிகுதி, உஷ்ணமும் மிகுதி. எல்.இ.டி. விளக்கு வந்தபின், 42 அங்குல எல்.சி.டி. 100 வாட்டுக்கும் குறைவாகவே இயங்கலாயிற்று. பிளாஸ்மா கனமானது, படுக்கவைத்து ஏற்றிச் செல்லாமல் நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும், சிறிய அறைக்கேற்ற சிறு அளவுகளில் அது பெரும்பாலும் செய்யப்படவேயில்லை.

இல்லத்துக்கேற்ற தேர்வு

இரவில் விளக்கைத் தணித்துத் திரைப்படமும் விளையாட்டும் காணும் குடும்பத்துக்கும், அகன்ற கூடத்தில் பலர் பல திசைகளில் அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கும் பிளாஸ்மா உகந்ததாயிருந்தது. வெயில் நேராக விழும் முன்கூடத்துக்கும், சிறிய படுக்கையறைக்கும், மின்கட்டணத்தில் கருத்துள்ளோருக்கும் எல்.சி.டி.யே பொருந்தும். திரையின் நுட்பத்தைக் குறித்துத் தூரத்தைக் கணக்கிடாமல் பணம் செலவிடலாகாது: 42 அங்குலத் திரையில் 1,366-க்கு 768 புள்ளிகள் இருப்பினும், ஏறத்தாழ 2.3 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தவரின் சாதாரணக் கண்ணுக்கு அப்புள்ளிகள் பிரிந்து தோன்றா. அங்கே 1,080 வரிசைகளுக்கு மேற்கொண்டு கொடுக்கும் விலையால் ஆகும் பயன் சொற்பமே. கடையில் காணும் காட்சியும் நம்பத்தக்கதன்று. பேரொளி நிறைந்த ஷோரூமில் மிகவும் பளிச்சிடுவதே சிறந்ததெனத் தோன்றும். வீட்டின் மெல்லொளியிலோ அதே பளபளப்பு கண்ணை வருத்தும். வாங்குபவர் விற்பனையாளரிடம் சொல்லி, சினிமா நிலைக்கு மாற்றி, இருண்ட காட்சி ஒன்றையும் மனித முகம் ஒன்றையும் பார்த்துத் தீர்மானித்தல் நலம்.

பிளாஸ்மாவின் மறைவு

தரத்தில் முந்தியது சந்தையில் பிந்தியது. எல்லா அளவுகளிலும் செய்யத்தக்கதும், எடை குறைந்ததும், கணிப்பொறிக்கும் தொலைபேசிக்கும் பயன்பட்டமையால் பெருந்தொழிற்சாலைகளில் மலிந்ததுமான எல்.சி.டி.யைப் பிளாஸ்மாவால் எதிர்த்து நிற்க இயலவில்லை. புள்ளிகளை மேலும் நுணுக்கினால் நுண்ணறையின் ஒளித்திறன் குறைந்ததும் அதற்குத் தடையாயிற்று. 2009-இல் பயனியர் நிறுவனம் தொலைக்காட்சித் தொழிலினின்றும் விலகுவதாக அறிவித்தது, பானசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங், எல்.ஜி. நிறுவனங்கள் 2014-இல் அதே வழியைப் பின்பற்றின. ஆகவே பழைய பிளாஸ்மாவை இன்று விலைக்கு வாங்குவோர், உதிரிபாகம் கிடைப்பது அரிது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆயினும் தானே சுடரும் புள்ளி என்னும் தத்துவம் அழிந்துவிடவில்லை. 1987-இல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் என்னும் விஞ்ஞானிகள் விவரித்த கரிமச் சேர்மங்களிலிருந்து வளர்ந்த ஓ.எல்.இ.டி. திரை, பிளாஸ்மாவின் ஆழ்ந்த கறுப்பையும் அகன்ற பார்வைக் கோணத்தையும் ஏற்றுக்கொண்டதோடு, நிழற்படிவு என்னும் குறையையும் உடன் பெற்றுள்ளது. ஆதலால் ஓ.எல்.இ.டி.க்கும் எல்.இ.டி. விளக்குடைய எல்.சி.டி.க்கும் இடையே இன்று தயங்கி நிற்பவர் முன் உள்ளது அதே பழைய கேள்வியே. தம் அறையில் விழும் வெளிச்சம், தாம் அமரும் தூரம், தாம் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி ஆகிய மூன்றையும் முதலில் நிர்ணயித்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாற்றமடைய மாட்டார்.