கிருமிகளை இரண்டாகப் பிரித்த சாயம்

மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கிருமியோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்டில் ‘கிராம் நெகட்டிவ்’ என்று ஒரு வரி வருமே, அதைப் பார்த்ததில் வந்த ஆர்வம்தான். கிராம் என்பது எடைக் கணக்கல்ல. ஒரு மனிதரின் பெயர்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் டென்மார்க்காரர். 1884-இல் பெர்லின் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் பிணவறையில், கார்ல் ஃப்ரீட்லாண்டர் என்ற டாக்டரிடம் வேலை பார்த்தார். வயது முப்பது. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சதை எது, கிருமி எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஊதாச் சாயம் போட்டு, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவினார். சதையிலிருந்து சாயம் போயிற்று. கிருமி ஊதாவாக நின்றது. ஆனால் டைபாய்டு கிருமி போன்ற சில, சாயத்தை விட்டுவிட்டன. தம் முறை குறையுள்ளதுதான், பிறருக்குப் பயன்பட்டால் சரி என்று அடக்கமாக எழுதி வைத்தார்.

அந்தக் குறையே பின்னால் வகைப்பாடாயிற்று. சாயத்தைப் பிடித்துக்கொள்பவை பாசிட்டிவ், விட்டுவிடுபவை நெகட்டிவ். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ‘கோ, நோ-கோ கேஜ்’ வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி: போகிறதா, இல்லையா, அவ்வளவுதான். காரணம் வெகுகாலம் கழித்தே விளங்கியது. முதல் வகைக்குச் சுவர் தடிமன். இரண்டாவதற்குச் சுவர் மெல்லியது. ஆனால் அதன்மேல் கோட் போட்டதுபோல் கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. ஆல்கஹால் அதைக் கரைக்க, சாயம் வெளியேறுகிறது. அதே சவ்வுதான் பல மருந்துகளையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. 1929-இல் ஃப்ளெமிங் பென்சிலின் பற்றி எழுதியபோது, டைபாய்டு கிருமி அதற்கு மசியவில்லை.

எல்லாக் கிருமியும் இந்தக் கேஜில் அடங்காது. காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவரில் இந்தச் சாயம் சரியாக ஏறாது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. வைரஸ் இந்தக் கணக்கிலேயே வராது. இன்று மரபணுவைப் படித்தே கிருமியின் குலம் கோத்திரம் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனாலும் கல்ச்சர் ரிப்போர்ட் வர ஓரிரு நாள் ஆகும். மூளைக்காய்ச்சல் நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் ஏது? தண்டுவட நீரில் ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டால், சில நிமிஷத்தில் டாக்டருக்கு ஒரு துப்பு கிடைக்கும். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, மருந்துக்கு அடங்காத கிருமிகளின் பட்டியலில் காசநோய்க் கிருமியைத் தவிர, மேல் வரிசையில் இருப்பவை எல்லாம் நெகட்டிவ் வகையே.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கிராமுக்குக் காரணம் தெரியாது. ஆனால் கண்ணில் பட்டதை, ஒத்துவராததையும் சேர்த்து, மறைக்காமல் எழுதினார். நூற்று நாற்பது வருஷமாக அது நோயாளிகளுக்கு உதவுகிறது. நம் லேப் ரிக்கார்டு நோட்டையும் அப்படியே எழுதுவோம்.