பழைய காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்தப் போறீங்களா? முதலில் கேட்க வேண்டியது ஃபியூஸ் பற்றி!

அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது உங்கள் கையில். என்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது, பாட்டுதான் சரியில்லை. "ஒரு ஆம்ப் போட்டா செமையா இருக்கும்" என்கிறார் நண்பர். ஆசை நியாயம்தான். ஆனால், 1983-ல் அறிமுகமாகி 2014-ல் உற்பத்தி நின்ற அந்தக் காரின் வயரிங், சில நூறு வாட் ஆம்ப்ளிஃபயரை மனதில் வைத்துப் போடப்பட்டது அல்ல. 15, 20 வருடம் ஓடிய எந்தக் காருக்கும் இது பொருந்தும். தவறாகப் பொருத்தினால் பாட்டு மட்டும் கெடாது, கார் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எவ்வளவு கரன்ட் இழுக்கும்?

பெட்டியில் '1000 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை விடுங்கள். ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. நான்கு சேனல், ஒவ்வொன்றும் 50 வாட் என்றால் மொத்தம் 200 வாட். 'கிளாஸ் ஏபி' வகை ஆம்ப், வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சூடாகவே வீணாக்கும். அதனால் முழு சத்தத்தில் சுமார் 400 வாட் இழுக்கும். என்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் வகுத்தால், கிட்டத்தட்ட 29 ஆம்பியர். ஸ்டீரியோவுக்கு வரும் மெல்லிய வயர் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்தே ஆக வேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே?

அந்தத் தனி வயரில்தான். அது என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே வருகிறது. ரப்பர் கிராமெட் போடாவிட்டால், ஓட்டத்தின் அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் உறையை மெல்ல மெல்ல அறுக்கும். ஒருநாள் உள்ளிருக்கும் செம்பு பாடியைத் தொடும். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நேரத்தில் கொட்டும். சில நொடிகளில் வயர் பழுத்து, மேலே கிடக்கும் கார்ப்பெட் பற்றிக்கொள்ளும்.

"ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே?" என்று கேட்கலாம். அது வயரின் மறுமுனையில் இருக்கிறது. ஆம்பை மட்டுமே காக்கும். வழியில் நடக்கும் ஷார்ட்டை அது தடுக்காது. அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு மெயின் ஃபியூஸ் அவசியம். அதன் அளவு வயரின் திறனைத் தாண்டக் கூடாது. நம் உதாரணத்துக்கு 8 கேஜ் செம்பு வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் மாட்டாதீர்கள்.

வயரில் ஏமாறாமல் இருக்க?

மலிவான கிட்களில் செம்பு பூசிய அலுமினிய வயர் வருவதுண்டு. அதே தடிமனில் இது குறைவான கரன்ட்டையே தாங்கும். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

எங்கே பொருத்தலாம்?

முன் பயணி சீட்டுக்கு அடியில் அல்லது டிக்கியின் பக்கச் சுவரில். சீட் முன்னும் பின்னும் நகரும்போது இடிக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தால் அதிர்வில் இணைப்புகள் தளரும்.

துளை போடும் முன் காருக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எல்லாம் அங்கேதான் போகின்றன. துருப்பிடித்த தரையில் இறுக்கிய ஸ்க்ரூ, விபத்தில் பிடுங்கிக்கொண்டு வரும்; இரண்டு கிலோ ஆம்ப் கேபினுக்குள் பறக்கும். உறுதியான இடத்தில் பிளைவுட் பலகையை போல்ட் போட்டு, அதன்மேல் ஆம்பை வைப்பது நல்லது. மழையில் கார்ப்பெட் ஈரமானாலும் ஆம்ப் நனையாமல் தப்பும். சிஎன்ஜி, எல்பிஜி கார் என்றால் சிலிண்டர், அதன் வால்வு, குழாய் பக்கமே போக வேண்டாம்.

எர்த் வயரும் முக்கியமா?

ரொம்பவே. பவர் வயரின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கட்டாதீர்கள். அது உங்கள் உயிரைப் பிடித்திருக்கும் போல்ட். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பழைய எர்த் கேபிள் பச்சை பூத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் என்ன பார்க்கணும்?

வேலை தொடங்கும் முன்பே பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்பட்டிருக்க வேண்டும். முடிந்ததும் 20 நிமிடம் பாட்டுப் போட்டு ஓட்டிவிட்டு, காரை நிறுத்தி ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இணைப்பு தளர்வு. பாட்டின் அடிக்கு ஏற்ப ஹெட்லைட் மங்கினால், ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை அல்லது எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

தனியாகப் பொருத்திய மின்சாதனங்களை காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்களே செய்யாமல் கடையில் கொடுப்பதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் பானட்டைத் திறக்கச் சொல்லி ஒரே கேள்வி கேளுங்கள்: "மெயின் ஃபியூஸ் எங்கண்ணா?" பேட்டரி பக்கத்திலேயே கை காட்டினால் சரி. "ஆம்ப்லயே இருக்கு சார்" என்றால், அதைப் போடும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.