கல்லாச் சாவி

1977-லிருந்து கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் டைப் அடிக்கிறேன். தண்டனைக்கு முன் கொடுக்கும் நன்னடத்தைக் கடிதங்கள் எத்தனையோ என் ரெமிங்டனில் பிறந்தவை.

முந்தைய நன்னடத்தை செல்லுபடியாகும் என்று 1872 சாட்சியச் சட்டமே சொன்னது. ஆனால் செஷன்ஸ் வழக்கில் தண்டனை பற்றித் தனியாகக் கேட்கும் 235(2) பிரிவு, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் வந்தது. அப்படிக் கேட்காமலே தூக்கு விதித்த பஞ்சாப் வழக்கு ஒன்றை 1976-இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

ஆரம்பத்தில் கர்ணம், மணியக்காரர் கையெழுத்துக்குத்தான் மவுசு. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்ததும் ஆளாளுக்கு வாத்தியார்களைத் தேடி ஓடினார்கள். "மிகவும் ஒழுக்கமானவர்" என்ற வரியை அடித்தடித்து எனக்கே சலித்துப்போனது.

ஒருநாள் டீக்கடைக்காரர் ஒருவர் வந்தார்.

"நல்ல பையன்னு போடுங்க சார்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"ஊருக்குப் போனா கல்லாச் சாவிய அவன்கிட்டதான் குடுப்பேன். ஒத்த ரூபா குறைஞ்சதில்ல."

அதை அப்படியே அடித்தேன். அடியில் அவர் வைத்த கைநாட்டில் டீத்தூள் ஒட்டியிருந்தது.