ஒயின் பாட்டிலின் பின்பக்கம்: ஓர் எச்சரிக்கையின் வரலாறு

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் விற்கும் ஒயின் பாட்டிலின் பின்பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த ஒயினானாலும் அங்கே விற்க வேண்டுமென்றால் அதே வாசகம்தான். அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது? சுவாரசியமான கதை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. அது முடிந்த பிறகு 1935இல் ஒரு சட்டம் வந்தது. அதன் முக்கியக் கவலை வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதுதான், உடல்நலம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், பீர் லேபிளில் ஆல்கஹால் அளவைப் போடவே கூடாது என்றது அந்தச் சட்டம்! யாருடைய பீரில் போதை அதிகம் என்று கம்பெனிகள் போட்டி போடுமோ என்ற பயம். 1995இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

உடல்நலம் லேபிளுக்குள் நுழைந்ததற்கு மருத்துவர்கள் காரணம். கர்ப்ப காலத்தில் தாய் குடிப்பதால் குழந்தைக்கு வரும் பாதிப்புகளுக்கு 1973இல் சியாட்டில் மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் ஒரு பெயர் வைத்தார்கள்: ஃபீடல் ஆல்கஹால் சிண்ட்ரோம். 1981இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல், கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம் என்று அறிவுரை வெளியிட்டார். 1987இல் 'சல்ஃபைட் உள்ளது' என்ற வரி கட்டாயமானது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் இந்தப் பொருள் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆகாது.

அடுத்த வருடம்தான் பெரிய திருப்பம். எச்சரிக்கை வேண்டும் என்று பல வருடங்களாக வாதாடியவர் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட். 1988 நவம்பர் 18 அன்று அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். சரியாக ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. தர்மண்டின் மகள் குடிபோதையில் ஒருவர் ஓட்டிய காரில் அடிபட்டு இறந்தார். அதனால்தான் இந்தச் சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் துயரம் நடந்தது 1993இல், சட்டத்துக்குப் பிறகு.

வாசகம் சொல்வது இரண்டே விஷயங்கள். ஒன்று, கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. இரண்டு, குடித்தால் வண்டி ஓட்டவும் இயந்திரம் இயக்கவும் உள்ள திறன் குறையும், உடல்நலப் பிரச்சினைகளும் வரலாம். வழக்கமான 750 மில்லி பாட்டிலில் எழுத்தின் உயரம் குறைந்தது 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

அந்த 'உடல்நலப் பிரச்சினைகள்' என்பதைக் கவனியுங்கள். எந்தப் பிரச்சினை? பெயர் இல்லை. அதே 1988இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. லேபிளில் அந்தச் சொல் வரவில்லை.

மாறாக, ஒயின்காரர்கள் எதிர்த்திசையில் முயன்றார்கள். ஒயின் குடிப்பதன் உடல்நல விளைவுகளைப் பற்றி உங்கள் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள் என்ற ஒரு வரிக்கு 1999இல் அனுமதி வாங்கினார்கள். கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார் என்பது போன்ற தொனி! தர்மண்ட் கடுமையாக எதிர்த்தார். 2003இல் இதற்கான விதிகள் இறுகின.

2025 ஜனவரியில் அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி, மது குறைந்தது 7 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது, லேபிளில் அதைச் சொல்ல வேண்டும் என்றார். ஆனால் அவர் சொன்னால் மட்டும் லேபிள் மாறாது. வாசகம் சொல்லுக்குச் சொல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாற்ற நாடாளுமன்றம் மனது வைக்க வேண்டும். மாநிலங்கள் தாங்களாக வேறு எச்சரிக்கை கேட்கவும் சட்டம் இடம் தரவில்லை. அயர்லாந்து 2023இல் புற்றுநோய் எச்சரிக்கைக்கு விதி போட்டது. 2026இல் அமலாக வேண்டியதை 2028க்குத் தள்ளிவைத்துவிட்டது.

அறிவியல் வருடா வருடம் நகர்கிறது. பாட்டிலின் பின்பக்கம் மட்டும் 1988லேயே நிற்கிறது. ஓர் எச்சரிக்கையைப் படிக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அது எந்த வருடம் எழுதப்பட்டது என்றும் கேட்பது நல்லது.