சத்தமிடும் கான்டாக்டர், சத்தமில்லா எஸ்.எஸ்.ஆர்.

1965இல் திருவெறும்பூரில் எழுந்த பெல் பாய்லர் ஆலையை ஒட்டி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளில், வெல்டிங் ராடு சுடும் ஓவனுக்கு ஓய்வு குறைவு. ஈரம் ஏறிய ராடு பற்றவைப்பில் ஹைட்ரஜனைப் புகுத்தி விரிசலுக்கு வழிவிடும். அதனால் தாழ் ஹைட்ரஜன் ராடுகளை 350 டிகிரி அளவில் சுடுகிறார்கள். அந்த ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவது சில பேனல்களில் கான்டாக்டர், சிலவற்றில் எஸ்.எஸ்.ஆர். எனும் திண்மநிலை ரிலே.

முன்னது காயிலின் இழுப்பில் ‘டக்’கென்று முனைகளைச் சேர்க்கிறது, பின்னது தைரிஸ்டரால் ஓசையின்றித் திறக்கிறது. ஆயினும் இரண்டுமே சூட்டைக் கூட்டிக் குறைப்பதில்லை. தந்தால் முழுதாகத் தரும், நிறுத்தினால் முழுதாக நிறுத்தும். இடைப்பட்ட சூட்டை நிரவுவது ஓவனின் கனமே.

கான்டாக்டருக்கு ஹீட்டர் எளிய சுமை. மோட்டார் புறப்படும்போது ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும்; நிக்ரோம் கம்பியின் மின்தடையோ குளிரிலும் சூட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மோட்டாருக்கு 9 ஆம்பியர் என்று குறித்த சிறு கான்டாக்டர், ஹீட்டருக்கு 25 ஆம்பியர் வரை தாங்கும். அதைத் தேய்ப்பது எண்ணிக்கை. 20 நொடிக்கு ஒரு சுற்று என்றால் நாளைக்கு 4,320 தடவை. பத்து லட்சம் தடவை ஆயுள் எட்டே மாதத்தில் தீர்ந்துவிடும்.

எஸ்.எஸ்.ஆருக்கு எண்ணிக்கை பொருட்டில்லை. நொடிக்கொரு முறை மாற்றினாலும் தேயாது. கம்பியும் அடிக்கடி விரிந்து சுருங்காமல் நெடுநாள் உழைக்கும். எஸ்.எஸ்.ஆருக்குப் பகை சூடு. ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் தனக்குள்ளேயே எரிகிறது. சித்திரை வெயிலில், ஹீட் சிங்க் போதாத அடைத்த பேனலில், ஓவனைச் சுட வைத்தது தானே வெந்துபோகும்.

இவ்வளவு வேறுபட்டவை பழுதாகும் விதத்தில் ஒன்றாகின்றன. கான்டாக்டரின் முனைகள் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும் (ராடு சுடும் ஓவனிலேயே ஒரு வேண்டாத வெல்டிங்!). எஸ்.எஸ்.ஆரோ பெரும்பாலும் உள்ளே ஷார்ட்டாகும். இரண்டிலும் ஓவன் அணையாமல் ஏறிக்கொண்டே போகும். போதாதற்கு, எஸ்.எஸ்.ஆர். அணைந்த நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும். ஹீட்டர் முனையில் கை வைக்குமுன் மெயினை இறக்கிவிட வேண்டும்.

எனவே நல்ல பேனலில் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டரும் இருக்கும். சூடு எல்லை மீறினால் தனி வெப்ப உணரி அதை விடுவிக்கும். கான்டாக்டரை விலக்க வந்ததற்குக் கான்டாக்டரே காவல். நாளைக்கு ஓரிரு தடவை மட்டும் இயங்கும் அதற்குப் பத்து லட்சக் கணக்கு எட்டாத தொலைவு.